தண்ணீரில் மெட்டல் டிடெக்டர்: கசிவு தொடங்குவது கரையில்

கடற்கரையில் தொலைந்த மோதிரமும் நாணயமும் தேடுபவர்களில் பெரும்பாலோர் மார்பளவுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. கருவி வந்த அட்டைப்பெட்டியிலோ '3 மீட்டர் வரை நீர் புகாது' என்று அச்சிட்டிருக்கும். கையருகே இருக்கும், திரையும் பட்டன்களும் உள்ள கண்ட்ரோல் பாக்ஸ் தண்ணீருக்குள் போவது அரை மீட்டரோ முக்கால் மீட்டரோதான். கணக்குப்படி கசியவே கூடாது. ஆனாலும் திரையின் உட்பக்கம் நீர் கோத்துக்கொள்கிறது. பட்டன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. பேட்டரி மூடியைத் திறந்தால் முனைகளில் பச்சை பூத்திருக்கிறது.

ஆழத்தை மட்டும் பார்த்தால் இது புதிர்தான். முழங்கால் தண்ணீரில் கருவியைக் கெடுப்பவை வேறு: வெயிலில் ஏறிய சூடு, மூடியில் சிக்கிய மணல், மூடிய விதம். மூன்றுமே தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்பு நடந்து முடிந்துவிடுபவை.

முதலில் அந்த 3 மீட்டர் என்பதன் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600, 800 இரண்டும் 3 மீட்டருக்கானவை. பின்னால் வந்த 700, 900 இரண்டும் 5 மீட்டருக்கானவை. காரெட் ஏடி ப்ரோ 3 மீட்டர். எக்ஸ்பி டியூஸ் 2 என்றால் 20 மீட்டர். முக்குளிப்பவர்களுக்கென்றே செய்த மைன்லேப் எக்ஸ்காலிபர் 2, காரெட் சீ ஹன்டர் மார்க் 2 போன்றவை 200 அடி வரை தாங்கும். இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது எண்ணை அல்ல, அமைப்பை. 200 அடி தாங்கும் எக்ஸ்காலிபரில் காயில் (உலோகத்தை உணரும் கீழ்த்தட்டு) கேபிளும் ஹெட்போன் கேபிளும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை. அவற்றுக்குக் கழற்றி மாட்டும் கனெக்டரே கிடையாது. திறக்கும் இடம் குறையக் குறையக் கசியும் இடமும் குறைகிறது. கழற்றிக்கொள்ளும் ஹெட்போன், மாற்றிக்கொள்ளும் காயில், சார்ஜ் போடும் முனை என்று வசதிகள் கூடக் கூட, நாம் பராமரிக்க வேண்டிய சீல்களும் கூடுகின்றன.

தூசும் நீரும் எவ்வளவு புகாது என்று காட்டும் ஐபி67, ஐபி68 என்ற குறிகளுக்கு அடிப்படை ஐஇசி 60529 என்ற தரநிலை. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையான, தயாரிப்பாளரே அறிவிக்கும் ஆழமும் நேரமும். 1 மீட்டர் சோதனையில் ஒரு நிபந்தனை உண்டு: தண்ணீரின் வெப்பநிலைக்கும் கருவியின் வெப்பநிலைக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சோதனை நடப்பது புதிய கருவியில், மூடியை அடைக்கும் புதிய ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்), அசையாத நல்ல தண்ணீரில். உப்பும் மணலும் அலையும் அங்கே கிடையாது. ஆக, 60 டிகிரிக்குச் சூடான கருவியை 27 டிகிரி கடல்நீரில் முக்குவது யாரும் சோதித்துத் தராத நிலைமை.

சூடு எப்படிக் கெடுக்கிறது என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் அதன் வெப்பநிலையைப் பொறுத்து ஏறி இறங்கும். வெயிலில் நின்ற காருக்குள் 60 டிகிரிக்குப் போன கருவியின் பேட்டரியை அங்கேயே மாற்றி மூடியை இறுக்கினால், 60 டிகிரிக் காற்று உள்ளே அடைபடுகிறது. அதை 27 டிகிரித் தண்ணீரில் இறக்கும்போது உள்ளழுத்தம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். அது சுமார் 0.1 பார், 1 மீட்டர் ஆழத்து நீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். கருவி அரை மீட்டரில் இருந்தாலும், அதன் சீல்கள் படும் பாடு ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கானது. நல்ல சீல் இதைத் தாங்கிவிடும். ஒரு மணல்துகள் கிடக்கிற சீல் தாங்காது, உறிஞ்சிவிடும்.

காலையில் வீட்டில் குளிர்ச்சியாக இருந்தபோதே மூடியாயிற்று, பிறகுதான் வெயிலில் சூடேறியது என்றால் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. சூட்டில் அழுத்தம் கூடி, தண்ணீரில் பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு, சூடாக இருந்த நேரத்தில் காற்று துளியும் வெளியேறியிருக்கக் கூடாது. காற்று மட்டும் போகும்படியான மெல்லிய சவ்வு வைத்த கருவிகள் உண்டு. அவற்றில் சூடேறும்போது காற்று தானாக வெளியேறிவிடும். தண்ணீருக்குள் போனதும் சவ்வின் வெளிப்பக்கத்தை நீர் மூடிக்கொள்வதால் திரும்பி வர வழியில்லை. கடைசியில் அதே வெற்றிடம்தான்.

இதற்கு மருந்து எளியது, செலவும் இல்லை. பேட்டரி மாற்றுவது, மூடி திறப்பது எல்லாம் வீட்டிலேயே, நிழலில், கருவி ஆறியிருக்கும்போது. வண்டியில் எடுத்துப்போகும்போது ஈரத் துணி சுற்றிய பையில், சீட்டுக்குக் கீழே. கரைக்குப் போனதும் 10, 15 நிமிடம் நிழலில் வைத்துவிட்டு, முதலில் காயிலை மட்டும் தண்ணீரில் விட வேண்டும். கண்ட்ரோல் பாக்ஸைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி அதன்மேல் நாலைந்து கை தண்ணீர் இறைத்து, தொட்டுப் பார்த்து, சூடு இறங்கிய பிறகே முக்கலாம். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. கடலைப் பார்த்ததும் வரும் அவசரம் அப்படி.

அலையும் ஒரு கணக்குக்குள் வரும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து மோதும் நீர், மோதும் இடத்தில் ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தைத் தரும், அதுவும் மூடியின் ஓரத்தில் குறிபார்த்ததுபோல. அலை உடையும் வரிசையில் நின்று தேடுவதைவிட அதைத் தாண்டி அமைதியான இடத்தில் தேடுவது உடம்புக்கும் நல்லது, கருவிக்கும் நல்லது.

ஓ-ரிங்

முழு விஷயத்தின் மையமே இந்த ரப்பர் வளையம்தான். பேட்டரி மூடி, கனெக்டர், ஹெட்போன் சாக்கெட் மூடி என்று எங்கெங்கே கழற்ற முடியுமோ அங்கெல்லாம் ஒன்று இருக்கும். ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, எதிரே வரும் பிளாஸ்டிக்கால் நசுக்கப்படுவது அதன் வேலை. மேலிருந்து மூடி அழுத்தும் வகையில், தடிமனில் 20 முதல் 30 சதவீதம் நசுங்க வேண்டும். அதாவது 2.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வளையம் 1.9 மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கும். நசுங்கிய ரப்பர் திரும்ப விரிய முயலும் விசையே நீரைத் தடுக்கிறது.

இங்கே பலருக்கும் புரியாமல் போகும் ஒன்று உண்டு. ஆழத்தில் ஓ-ரிங்குக்கு நீரே உதவி செய்கிறது. நீரின் அழுத்தம் வளையத்தைப் பள்ளத்தின் எதிர்ச்சுவரோடு தள்ளி இன்னும் இறுக்கிவிடும். அரை மீட்டர் ஆழத்தில் அந்த உதவி அநேகமாக இல்லை. வளையத்தின் சொந்த நசுக்கம் மட்டுமே காவல். அதனால்தான் சற்றே தளர்ந்த வளையம் 3 மீட்டரில் தாக்குப்பிடித்து, முழங்கால் தண்ணீரில் கசிவதும் நடக்கிறது.

வளையத்தைச் சுத்தம் செய்ய முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஊசி, பிளேடு, ஸ்க்ரூடிரைவர் எதுவும் கூடாது. வளையத்தில் கீறினாலும் பள்ளத்தில் கீறினாலும் அதுவே நீருக்கு வாய்க்கால். இரண்டு விரலால் வளையத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் எழும்பி வரும், அதைப் பிடித்து எடுத்துவிடலாம். வராவிட்டால் பழைய ஏடிஎம் கார்டின் மூலை, அல்லது முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சி. எடுத்த வளையத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நூல் விடாத துணியால் துடைக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் பள்ளத்தைத் துடைப்பது வழக்கமாகிவிட்டது. அது ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு இழையை விட்டுப்போகும். ஒரு தலைமுடி வளையத்தின் குறுக்கே கிடந்தாலே கசியப் போதுமானது, பஞ்சிழையும் அப்படியே. கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியின் முனையைக் குச்சியில் சுற்றித் துடைப்பது மேல்.

பிறகு கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வளையத்தை விரல்களுக்கிடையே மெதுவாக ஒரு சுற்று உருவினால் மணல், வெடிப்பு, தட்டையான இடம் எல்லாம் தட்டுப்படும். வெட்டுமுகம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நெடுநாள் நசுங்கியே கிடந்த ரப்பர் பழைய வடிவத்துக்கு வராது. கிரீஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

கிரீஸைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை. வளையம் மூடும்போது முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார உதவுவதும், ரப்பர் காய்ந்து வெடிக்காமல் காப்பதுமே அதன் வேலை. விரலால் தடவிய பிறகு வளையம் மினுமினுக்க வேண்டும். எங்கும் திரளாக நிற்கக் கூடாது. நாணயம் அளவுள்ள வளையத்துக்கு ஓர் அரிசியில் பாதி அளவு போதும். அதிகம் போட்டால் மிச்சம் வெளியே பிதுங்கி, கடற்கரை மணலை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது அந்த மணல் நேராகப் பள்ளத்துக்குள் விழும்.

எந்த கிரீஸ்? கறுப்பு நிற வளையங்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், சில ஈபிடிஎம் என்ற வேறு வகை ரப்பர். இரண்டுக்கும் சுத்தமான சிலிக்கான் கிரீஸ் பொருந்தும். வளையமே சிலிக்கான் ரப்பரால் ஆனது என்றால் சிலிக்கான் கிரீஸ் அதை ஊதவைத்துவிடும். அதற்குத் தயாரிப்பாளர் தரும் கிரீஸை மட்டும் போட வேண்டும். வாசலின் நைட்ரைலைப் பெரிதாகக் கெடுக்காது, ஈபிடிஎம்மை ஊதிப் போக்கிவிடும். எது எந்த ரப்பர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் வாசலினை மறந்துவிடுவதே நல்லது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். கையில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு மூடியைத் தொடுவதும் வேண்டாம். கொசுவிரட்டி களிம்பிலும் ஸ்பிரேயிலும் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையே கரைத்து மங்கலாக்கும். திரையின் கண்ணாடிப் பிளாஸ்டிக்குக்கு அது எமன்.

மாற்று வளையம் பேரிங் கடையிலும் ஹைட்ராலிக் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். கேட்க வேண்டியது மூன்று: உள்விட்டம், தடிமன், கடினம். கடினம் ஷோர் ஏ 70 என்பது சாதாரணமாகப் புழங்கும் அளவு. பழைய வளையத்தை அளந்தால் தப்பான அளவு கிடைக்கும், ஏனென்றால் அது விரிந்தோ சப்பையாகியோ இருக்கும். வெர்னியர் காலிபரால் பள்ளத்தை அளந்துகொண்டு போக வேண்டும். தயாரிப்பாளரின் வளையத் தொகுப்பு கிடைத்தால் கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும் அதுவே மேல். தண்ணீரில் அடிக்கடி இறங்குபவர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். கருவியின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

மூடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மரை மூடி என்றால் முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்ப வேண்டும். மரையின் தொடக்கம் 'டிக்' என்று விழும். அங்கிருந்து முன்னோக்கித் திருப்பினால் மரை மாறி ஏறாது. கை இறுக்கமே போதும். குறடு போட்டு இறுக்கினால் வளையம் பள்ளத்திலிருந்து பிதுங்கும், அல்லது பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். நாலைந்து ஸ்க்ரூ உள்ள மூடியை ஒரே ஸ்க்ரூவில் முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலைகளாக, முதல் சுற்று லேசாக, இரண்டாம் சுற்று முழுதாக. மூடிய பிறகு சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.

சாக்கெட், குமிழ், ஒலிபெருக்கி

கனெக்டர் எதையும் ஈரத்தோடு மாட்டக் கூடாது. ஒரு சொட்டு உப்புநீர் உள்ளே சிக்கினாலும் அது பின்களுக்கிடையே மின்சாரம் கசிய வழியாகி, சில நாளில் பின்னையே தின்றுவிடும். ஹெட்போன் சாக்கெட்டில் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் சாக்கெட்டே உட்புறம் சீல் செய்யப்பட்டிருக்கும். மேல்மூடி மணலுக்கு மட்டும் காவல். வேறு சிலவற்றில் அந்த மூடியோ, மாட்டிய ஹெட்போன் பிளக்கோதான் சீல்; இரண்டும் இல்லாமல் முக்கினால் கதை முடிந்தது. எந்த வகை என்று கையேட்டில் ஒரு வரியில் போட்டிருப்பார்கள். தண்ணீரில் இறங்கும் முன்பு படிக்க வேண்டிய வரி அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

வயர்லெஸ் ஹெட்போன் காதில் இருந்து, கண்ட்ரோல் பாக்ஸ் நீருக்குள் போனால் ஒலி நின்றுவிடும். அந்த அலைவரிசை தண்ணீரை ஊடுருவாது. காயிலோடு ரேடியோ மூலம் பேசும் டியூஸ் 2 போன்றவற்றில், நீருக்குள் தேடும்போது காயிலிலிருந்து ரிமோட் வரை ஒரு ஆன்டெனா வயரை ஓட்டிக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். ஒலி வரவில்லை என்றதும் நீர் புகுந்துவிட்டது என்று பதறிக் கருவியைக் குடைய வேண்டாம்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் மெல்லிய சவ்வு இருக்கும். தண்ணீர் தங்கினால் ஒலி அமுங்கிக் கேட்கும். கருவியைக் கவிழ்த்து உதறினால் போதும். துளைகளில் மணல் அடைத்தால் ஊசி விட்டுக் குத்தவோ, கம்ப்ரசர் காற்றை அடிக்கவோ கூடாது. சவ்வு கிழிந்தால் வெளியிலிருந்து தெரியாது, அடுத்த முறை தண்ணீர்தான் தெரிவிக்கும். குமிழ் திருகும் பழைய கருவிகளில் தண்டைச் சுற்றிச் சிறிய ஓ-ரிங்குகள் உண்டு. மணல் கலந்த நீரில் குமிழைத் திருகத் திருக அவை தேயும். செட்டிங்கைக் கரையிலேயே சரிசெய்துகொண்டு, நீரில் முடிந்தவரை தொடாமல் இருப்பது நல்லது.

கடலில் சோதிக்காமல் வாளியில் சோதிப்பது

சீல் சரியாக இருக்கிறதா என்று குளிர்ந்த நீரில் முக்கிப் பார்ப்பது பலரும் செய்வது. ஓட்டை இருந்தால் அந்தச் சோதனையே கருவியைக் கொன்றுவிடும். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: வெதுவெதுப்பான நீரில்.

கருவியை ஏசி அறையிலோ நிழலிலோ ஆறவிட்டு, 28 டிகிரி அளவில் எல்லா மூடியையும் போடுங்கள். அகலமான வாளியில் 40 டிகிரி வெந்நீர், தெர்மாமீட்டர் வைத்து அளந்தது. 45-ஐத் தாண்டக் கூடாது. கண்ட்ரோல் பாக்ஸை மேல்மட்டத்திலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் முக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் காற்று மெல்லச் சூடாகி விரியும்; அழுத்தம் சுமார் 0.04 பார் ஏறும். அது 40 சென்டிமீட்டர் நீருக்குச் சமம், நாம் முக்கிய ஆழத்தைவிட அதிகம். ஓட்டை இருந்தால் காற்று வெளியே வரும், நீர் உள்ளே போகாது. முதலில் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளை விரலால் துடைத்துவிட்டு 5 நிமிடம் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து வரிசையாகக் குமிழி எழுந்தால் அங்கேதான் கசிவு. காற்று போகும் சவ்வு உள்ள கருவியில் ஒலிபெருக்கி அல்லது சவ்வுத் துளையிலிருந்து குமிழி வருவது இயல்பு. மூடி, கனெக்டர், திரையின் ஓரம் இவற்றில் வந்தால்தான் கவலை.

நீர் ஆறும்வரை விட்டுவைத்தால் சோதனையே விபத்தாகிவிடும். சூடாக இருக்கும்போதே வெளியே எடுத்து, முழுதாகத் துடைத்து, பிறகு ஆறவிட வேண்டும்.

இன்னொரு சோதனை தராசு. 1 கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசில் காயிலை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலுறையைக் கழற்றி, காயிலை இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, காலையில் நன்றாகத் துடைத்து, வெளிப்பக்கம் காய்ந்ததும் மறுபடி நிறுங்கள். சில கிராம் கூடியிருந்தால் காயிலை அடைத்திருக்கும் எபாக்ஸி பிசினிலோ கேபிள் நுழையும் இடத்திலோ வெடிப்பு இருக்கிறது. நீரில் அரை மணிநேரம் ஒழுங்காக ஓடி, பிறகு காரணமில்லாமல் கத்தத் தொடங்கி, வீட்டில் நாலு நாள் காய்ந்ததும் சரியாகிவிடும் காயில்களுக்கு இந்தத் தராசுதான் வைத்தியர்.

திரையில் பனி படிந்தால் உடனே கசிவு என்று முடிவுகட்டக் கூடாது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் அளவு நீராவி இருக்கும். பேட்டரி அறையும் சர்க்யூட்டும் ஒரே வெளியைப் பகிரும் கருவியில், அரை லிட்டர் காற்று அடைபட்டால் அதில் இருப்பது 12 மில்லிகிராம். ஒரு சொட்டு நீரில் கால்பங்குதான். கடல்நீர் 24 டிகிரி என்றால் அதில் ஒரு பகுதி திரையில் மெல்லிய படலமாகத் தெரிந்து, கரைக்கு வந்து சூடேறியதும் மறையும். சாய்த்தால் ஓடும் சொட்டாக இருந்தால் அது கசிவு. படலம் மட்டும் என்றால் அடுத்த முறை ஏசி அறையில் மூடுங்கள், இடமிருந்தால் ஒரு சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகை நல்லது. பச்சையானால் 120 டிகிரி அவனில் 2 மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சுக்குத் திரும்பும். நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறும் வகையில் கோபால்ட் இருப்பதால் அதைச் சமையல் அவனில் வைக்க வேண்டாம்.

காயிலும் கேபிளும்

இன்றைய காயில்கள் பெரும்பாலும் எபாக்ஸி ஊற்றி அடைத்தவை. தரைக் கருவிகளில் வருபவைகூடத் தண்ணீர் தாங்கும். பிரச்சினை மேலுறையில். உறைக்கும் காயிலுக்கும் நடுவே உப்புநீரும் கறுமணலும் புகுந்து அசையும்போது பொய்ச் சத்தம் வரும். உறையைச் சிலிக்கான் போட்டு ஒட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்காவது ஒரு மயிரிழை வழி இருந்தால் உள்ளே போன நீர் திரும்ப வராது. நீர் வந்து போகும்படி விட்டு, ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுவதே மேல்.

கேபிளின் மேல்தோலில் சிராய்ப்பு விழுந்தால் நீர் கம்பி இழைகளின் இடுக்கு வழியாக உள்ளே ஊர்ந்து கனெக்டர் வரை போகும். தண்டோடு மூன்று நான்கு வெல்க்ரோ பட்டை போட்டு, காயில் அருகே மட்டும் அது சாய்ந்து நிமிர்வதற்கான தளர்வு விட வேண்டும். மேலோட்டமான சிராய்ப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு இழுத்தபடி, பாதிக்குப் பாதி மேல்படிய, சேதத்தின் இருபுறமும் 3 சென்டிமீட்டர் தாண்டிச் சுற்றினால் தாங்கும். சிலிக்கான் பூச வேண்டியிருந்தால் நியூட்ரல் வகை வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இறுகும்போது அசெட்டிக் அமிலம் விடும். அது செம்பை அரிக்கும்.

காரெட் ஏஸ் 300 போல, காயில் மட்டும் நீர் தாங்கி, கண்ட்ரோல் பாக்ஸ் தாங்காத கருவியை வைத்திருப்பவர்கள் அதை ஜிப் கவரில் போட்டு இறங்குகிறார்கள். கேபிள் வெளியே வரும் இடத்தை எந்த கவராலும் அடைக்க முடியாது. கவரைத் தெறிப்புக்கான காப்பாக மட்டும் எண்ணி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டி, கேபிளில் ஒரு தொங்கும் வளைவு விட்டால் வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். முழங்காலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்த பிறகு

கழுவுவதற்கு முன்பு எந்த மூடியையும் திறக்கக் கூடாது. உப்பு காய்ந்தால் படிகமாகி, ஓ-ரிங்கின் ஓரத்தில் உப்புத்தாள் வேலை செய்யும். வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி 20 நிமிடம் ஊறவிட்டு, குமிழ்களை அங்கேயே நாலைந்து முறை திருப்பி, பிறகு குழாயில் மெதுவாக ஓடும் நீரில் அலச வேண்டும். வண்டி கழுவும் பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். தண்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஸ்பிரிங் பட்டன்களையும் பூட்டுகளையும் அலசுங்கள். கார்பன் ஃபைபர் தண்டில் அலுமினிய இணைப்பு இருந்தால் உப்புநீர் தங்கும் இடத்தில் அலுமினியம் வேகமாக அரிபடும். காந்தச் சார்ஜர் ஒட்டும் செம்புநிறப் புள்ளிகளைத் துடைத்துக் காயவைத்த பிறகே சார்ஜ் போட வேண்டும். ஈரத்தில் சார்ஜ் போட்டால் மின்பகுப்பு நடந்து புள்ளி கறுத்துப்போகும். மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறந்தால் மரையில் நிற்கும் நீர் வெளிப்பக்கமே விழும். மாதக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, மூடியைத் தளர்வாக வைத்துவிடுங்கள்; ஓ-ரிங் நசுங்கிக் கிடக்காது.

உள்ளே நீர் போய்விட்டால் முதல் சில நிமிடம்தான் எல்லாமே. உடனே அணைத்து, கரைக்கு வந்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட வேண்டும். செம்புத் தடங்களை அரிப்பது உப்புநீர் மட்டுமல்ல, உப்புநீரும் மின்னழுத்தமும் சேர்ந்து. வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். லித்தியம் பேட்டரிக்குள் கடல்நீர் போயிருந்தால் அதை வீட்டுக்குள் வைக்காமல், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். சார்ஜ் போட வேண்டாம்.

திறக்கக்கூடிய பெட்டி என்றால், போர்டைக் காயவிடாமல் ஈரமாக இருக்கும்போதே கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான், ஆல்கஹால் அல்ல. அதற்குப் பிறகு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பிரஷால் தடவி, தங்கிய நீரை விரட்ட வேண்டும். திரையையும் ஒலிபெருக்கியையும் அதில் நனைக்க வேண்டாம். கை கழுவும் சானிடைசரில் நீரும் கிளிசரினும் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது. மின்விசிறிக்கு முன்னால் 48 மணி நேரம் வைத்துவிட்டு, லென்ஸ் வைத்துக் கனெக்டர் பின்களையும் சிப்களின் கால்களையும் பார்த்து, பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் மென்மையான பல்துலக்கியும் ஆல்கஹாலுமாக மறுபடி ஒரு சுற்று. அரிசி டப்பாவுக்குள் புதைப்பதால் உப்பு எங்கும் போகாது. மிஞ்சுவது போர்டில் உப்பும், சாக்கெட்டில் அரிசித் தூசும்.

ஒட்டி மூடிய பெட்டி, அல்லது வாரன்டி இருக்கும் கருவி என்றால் நீங்கள் பிரிக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்ற முடியாவிட்டால் அணைத்த நிலையிலேயே அன்றைக்கே சர்வீஸுக்கு அனுப்பி, உப்புநீர் புகுந்தது என்று சீட்டில் தெளிவாக எழுதுங்கள். இரண்டு நாளில் தானாகக் காய்ந்து ஓடத் தொடங்கினாலும் அனுப்பத்தான் வேண்டும். உள்ளே காய்ந்து கிடக்கும் உப்பு அடுத்த மழைக்காலத்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு அரிப்பைத் தொடரும்.